கேடம்ப்

கேடம்ப் என்பது லினக்சு இயங்குதளத்தின் கர்னல் முடங்கும்போது, அந்த நொடியில் கணினியின் நினைவகத்தில் இருந்தவற்றைக் கோப்பாகச் சேமிக்கும் முறையாகும். 2005 ஆகஸ்டில் வெளியான லினக்சு 2.6.13 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. இதன் உருவாக்கத்தில், பெங்களூரில் ஐபிஎம் நிறுவனத்தின் லினக்சு தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய பொறியாளர்கள் முக்கியப் பங்கு வகித்தனர்.

பின்னணி

கர்னல் முடங்கினால் கணினியை மறுபடி தொடங்குவதே வழக்கம். அப்போது நினைவகத்தில் உள்ளவை அழிவதால், முடங்கியதற்கான தடயமும் அழிந்துவிடும். ஆகவே அதற்கு முன்பே ஒரு படி எடுத்துவைக்கும் பழக்கம் பெருங்கணினிக் காலத்திலேயே தோன்றியது. அக்கால நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. அவ்வளையத்தின் பெயரான 'கோர்' என்பதிலிருந்தே 'கோர் டம்ப்' என்னும் சொல் வந்தது.

லினக்சுக்காக எஸ்ஜிஐ நிறுவனம் 1999-இல் எல்கேசிடி என்ற முறையை வெளியிட்டது. இதில் முடங்கிய கர்னலே தன் நினைவகத்தை வன்தட்டில் எழுத வேண்டும். நிலைகுலைந்த கர்னலில் வன்தட்டை இயக்கும் நிரலும் பழுதாகியிருக்கலாம். அது தவறான இடத்தில் எழுதினால் பயனரின் தரவுகளே அழியக்கூடும்.

உருவாக்கம்

முடங்கிய கர்னலை நம்பாமல், வேறொரு கர்னலிடம் பணியை ஒப்படைப்பதே கேடம்பின் அடிப்படை. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கர்னல் ஏற்றி வைக்கப்படும். முதல் கர்னல் முடங்கியதும் இது இயங்கத் தொடங்கி, பழைய நினைவகத்தைப் படித்துச் சேமிக்கும். ஒரு கர்னலிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகத் தாவ, எரிக் பீடர்மன் உருவாக்கிய கெக்செக் வசதி பயன்பட்டது. விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் இம்முறையை 2005-இல் ஒட்டாவா லினக்சு கருத்தரங்கில் கட்டுரையாக முன்வைத்தனர்.

செயலிகளுக்கேற்ற வேறுபாடுகள்

கருத்து ஒன்றாயினும், ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனி வேலை தேவைப்பட்டது.

எக்ஸ்86: முதலில் ஆதரவு பெற்றது 32 பிட் வகை. இரண்டாவது கர்னல் தொடங்குவதற்கு நினைவகத்தின் முதல் 640 கிலோபைட் தேவைப்பட்டதால், அப்பகுதி முன்னதாக வேறிடத்தில் படியெடுக்கப்பட்டது. மற்றச் செயலிகள், தடுக்க முடியாத குறுக்கீட்டின் மூலம் நிறுத்தப்படுகின்றன.

பவர்: 2006-இல் கேடம்ப் வந்தது. 2012-இல் லினக்சு 3.4 பதிப்பில், கணினியின் நிலைபொருளே நினைவகத்தைக் காத்து மறுதொடக்கம் செய்யும் எஃப்ஏடம்ப் முறை சேர்ந்தது. இதனால் சாதனங்கள் முழுமையாக மீட்டமைக்கப்பட்ட பின்னரே படியெடுப்பு நடக்கிறது. ஐபிஎம் இந்தியாவின் மகேஷ் சல்காவ்ங்கர் இதை உருவாக்கினார்.

எஸ்390: ஐபிஎம் பெருங்கணினிகளில் தனித்தியங்கும் படியெடுப்பு நிரல்கள் முன்பே இருந்தன. கேடம்ப் 2012-இல் லினக்சு 3.2 பதிப்புடன் வந்தது.

ஆர்ம் 64: 2017-இல் லினக்சு 4.12 பதிப்பில் ஆதரவு கிடைத்தது.

சேமித்த கோப்பைப் படிப்பதிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. 64 பிட் எக்ஸ்86 செயலியில் பொதுப் பதிவகங்கள் 16; ஆர்ம் 64-இல் 31. எக்ஸ்86 ஓர் எண்ணின் சிறுமதிப்பு பைட்டை முதலில் வைக்கும்; எஸ்390 பெருமதிப்பு பைட்டை முதலில் வைக்கும். எனவே, கோப்பை ஆராய உதவும் 'கிராஷ்' மென்பொருளை அது வந்த கட்டமைப்புக்கு ஏற்பத் தொகுக்க வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ்

திறந்த கட்டமைப்பான ரிஸ்க்-ஃபைவுக்கு 2021-இல் லினக்சு 5.13 பதிப்பில் கேடம்ப் ஆதரவு சேர்ந்தது. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலிகளும் இக்கட்டமைப்பைச் சேர்ந்தவை. புதிய செயலி ஒன்றில் கர்னல் முடங்கினால், தவறு மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரித்தறிய இத்தகைய நினைவகப் படி உதவுகிறது.