கொள்ளைநோயும் கருத்தடைச் சேவையும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு நோக்கு

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் மாண்டோர் தொகையைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய் தீண்டாத உடல்களின்மீது அது செலுத்திய ஆட்சி ஆய்வாளர் கவனத்தைப் போதியளவு பெறவில்லை.

1934–35இல் இலங்கையைப் பீடித்த மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அதன் கொடுமை தென்மேற்கின் ஈரவலயத்திலேயே உச்சம் பெற்றது. மட்டக்களப்பு போன்ற வறண்ட வலயப் பகுதிகளில் மலேரியா என்றுமுள்ள நிலைமையாதலின், கொழும்புக்கு அது செய்தியாகவில்லை எனலாம். அந்நாளில் நிவாரணப் பணியில் இறங்கிய இளம் இடதுசாரிகள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியமை யாவரும் அறிந்ததே. 1937இல் மருத்துவர் மேரி இரத்தினம் முதலானோர் கொழும்பிலே குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமொன்றைத் தொடங்கியமை அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. இவ்விரண்டையும் காரண காரியமாகப் பிணைக்க நாம் முற்படவில்லை. வறியவரின் உடல் பொதுப்பிரச்சினையாக உணரப்படலாயிற்று என்பதே இங்கு மனங்கொளத்தக்கது.

1965இல் குடும்பத் திட்டமிடல் அரசின் கொள்கையாயிற்று. அதனை வாசற்படிவரை கொண்டு சென்றவர் குடும்பநல மருத்துவிச்சியே. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நாட்டில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏதேனுமொரு முறையைக் கையாண்டமை இச்சேவையின் பெறுபேறாகும். எனினும் மருத்துவிச்சி வீட்டில் கொடுக்கக்கூடியவை மாத்திரையும் ஆணுறையுமே. மூன்று மாதத்திற்கொருமுறை போடப்படும் ஊசிக்கும், வளையத்திற்கும், தோலின்கீழ் வைக்கும் குச்சிக்கும் பெண் கிளினிக்குக்குச் செல்லவேண்டும்.

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தபோது இவ்வேறுபாடே தலைவிதியாயிற்று. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் தனிமைப்படுத்தலுக்கும் தொடர்பாளரைத் தேடுவதற்கும் திருப்பப்பட்டன. மாவட்டத்தின் புணானையிலோ வெளிநாட்டிலிருந்து வந்தோரை அடைத்துவைக்கும் நிலையமே அமைந்தது. எழுவான்கரையின் நகர்ப்புறத்தில் மாதச் சம்பளம் பெறும் குடும்பத்துக்கு மருந்துக்கடை எட்டும் தூரத்தில் இருந்தது. படுவான்கரையின் கூலிக் குடும்பத்துக்கோ நாட்சம்பளமும் இல்லை, பேருந்தும் இல்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டதால் வாவியின் தடை குறைந்தது உண்மையே. ஊரடங்கு அதனை ஒரே இரவில் மீட்டுத்தந்தது. ஊசியின் தவணையை ஊரடங்கு ஒத்திவைக்கவில்லை.

ஊசியைப் பெண்கள் விரும்புவதற்கு அது கண்ணுக்குத் தெரியாமையும் ஒரு காரணமாகும். கணவனுக்கும் மாமியாருக்கும் அறிவியாது தன் கருவைத் தள்ளிப்போட்டவள், வீடு தேடிவரும் மாத்திரையை எங்கே ஒளிப்பாள்? தொலைபேசியில் மருத்துவிச்சியை அழைக்கச் சொன்னார்கள்; வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி கணவன் கையில் இருந்தால் என்செய்வாள்? சீதன வீடு தாய்வழியில் மகளுக்கு உரித்தாகும் இப்பிரதேசத்தில், வீட்டுக்கு உரியவள் தன் கருப்பைக்கு உரியவளல்லள் என்பது சொத்துரிமையை மட்டும் கொண்டு பெண்ணின் நிலையை அளப்போர் கருதவேண்டிய முரண்பாடாகும்.

முஸ்லிம் ஊர்களில் நிலைமை வேறொரு வகையிலும் சிக்கலுற்றது. கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டுமென்ற ஆணை 2021 பெப்ரவரிவரை நிலவியது. பின்னர் மார்ச்சில் ஓட்டமாவடியிலேயே அடக்கம் செய்ய அனுமதிக்கப்பட்டது. சடலத்தைப் பறித்த சுகாதாரத்துறைக்கும் கருத்தடை வழங்கிய சுகாதாரத்துறைக்கும் வாசல் ஒன்றே. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்கெனவே ஐயத்துடன் நோக்கிய சமூகங்களில் அவ்வாசலை மிதிக்கத் தயக்கம் பிறந்திருப்பின் வியப்பதற்கில்லை.

2021 மே முதல் 40க்கு மேற்பட்ட கர்ப்பிணித் தாய்மார் கொரோனாவுக்குப் பலியாகினர். செப்டெம்பரில், ஓராண்டுக்கேனும் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு சுகாதாரத்துறையினர் பெண்களுக்கு அறிவுரை பகர்ந்தனர். மருத்துவ நோக்கில் அது பிழையன்று. ஆயின், ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் 1வரை நாடு பூட்டப்பட்டிருந்த வேளையிலேதான் இவ்வறிவுரை வந்தது! தள்ளிப்போடத் தவறியவளுக்கு வேறு வழியும் இல்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு ஊரடங்கிலும் அடங்கவில்லை.

இத்தனைக்கும் இலவசச் சுகாதாரச் சேவை முற்றாக முறிந்துவிடவில்லை. மருத்துவிச்சிமாரின் உழைப்பே அதற்குக் காரணம். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது அவர்களது மோட்டார் சைக்கிள்களும் அவ்வரிசையில் நின்றன.