தொரப்பள்ளி தரும் தேர்தல் பாடம்

அரபு மொழியில் ‘ஸவ்த்’ என்னும் சொல் குரலையும் குறிக்கும். தேர்தலில் அளிக்கும் வாக்கையும் குறிக்கும். தமிழிலும் ‘வாக்கு’ என்பது வாய்ச்சொல், வாக்குரிமையும் அதுவே. வாக்கு என்பது குடிமகனின் குரல் என்பதை இரு மொழிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. அக்குரல் எளியோருக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலிருந்து தொடங்கி நோக்குவோம்.

1878 டிசம்பர் 10ஆம் நாள் இச்சிற்றூரில் இராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். 1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று சொத்தோ கல்வியோ உடையோருக்கே வாக்குரிமை. அவர் வந்ததும் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்தே. வயது வந்தோர் யாவரும் வாக்களித்த 1952 பொதுத் தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. அப்போதும் அவர் மேலவையின் நியமன உறுப்பினராகவே முதலமைச்சர் பொறுப்பேற்றார். சிற்றூரில் பிறந்த அவர், இருமுறையும் சிற்றூர் உழவரின் வாக்கை நேரில் பெறாமலேயே ஆட்சி புரிந்தார்.

நம் சமுதாயத்தின் நிலை வேறு. 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தனியே தேர்ந்தெடுத்தனர். இம்முறை நீடிக்க வேண்டுமென 1947இல் அரசியல் நிர்ணய சபையில் போக்கர் சாகிப் வாதாடினார், சபை இசையவில்லை. அதன் பின்னர் யாவரும் கூடி வாக்களிப்பதே முறையாயிற்று. நம் குரல் கூட்டத்தில் அமிழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் அன்று பெரியோர் பலருக்கும் இருந்தது. ஆயினும் 1967இல் தி.மு.கழகம், இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக் ஆகியவை ஓரணியில் நின்று ஆட்சியையே மாற்றின. தனித்து நின்றிருந்தால் இஃது எய்தியிருக்குமோ?

ஓசூர்த் தொகுதியும் இதையே மெய்ப்பிக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோர் கலந்து வாழும் எல்லைப்புறம் இது. திராவிட இயக்கக் கட்சிகள் மாநிலத்தை ஆண்ட காலத்திலும், 1977 முதல் 2011 வரை நடந்த ஒன்பது பொதுத் தேர்தல்களில் எட்டு முறை காங்கிரசும், 1996இல் ஜனதா தளமும் இங்கு வென்றன. 2016இல் அ.தி.மு.கழகமும், 2019 இடைத்தேர்தலிலும் 2021 பொதுத் தேர்தலிலும் தி.மு.கழகமும் வென்றன. மூன்று முறை ஓசூரின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த கோபிநாத், 2024இல் கிருஷ்ணகிரியின் நாடாளுமன்ற உறுப்பினராகித் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றார். அவரைத் தேர்ந்தவர்களுள் தமிழரும் உளர். உருது பேசும் நம்மவரும் உளர்.

ஆதலின், தொகையில் சிறியோர் என்று நாம் சோர்வதற்கு இடமில்லை. பலர் கூடி வாழும் தொகுதியில் ஒவ்வொரு வாக்கையும் வேட்பாளர் நாடி வந்தே தீர வேண்டும். அயலாரோடு நாம் பேணும் நல்லுறவே அவ்வாக்கிற்கு வலிமை சேர்க்கும். வாக்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காசுக்கு விற்பவன் தன் குரலையே விற்றவனாவான்.