பழுது எங்கே? – மலாக்கா நீரிணையின் கம்பி வரலாறு

தந்தி என்னும் சொல் முதலில் வீணையின் நரம்பைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது செய்தி செல்லும் கம்பிக்கு ஆயிற்று. பின்னர் அக்கம்பிவழி வந்த செய்திக்கே பெயராயிற்று. தோட்டத்து லயத்தில் ‘தந்தி வந்திருக்கிறது’ என்ற குரல் எழுந்தால், தாளைப் பிரிக்குமுன்பே அழுகை தொடங்கிவிடும். இந்தியாவில் அத்தந்திப் பணி 2013 சூலையில் முடிவுற்றது. எனினும் அதனோடு பிறந்த கேள்வியொன்று இன்றும் நம்மோடு வாழ்கிறது: செய்தி போய்ச் சேரவில்லையெனில் பழுது எங்கே?

சென்னையிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 1,400 கடல் மைல் நீளமுள்ள கம்பி கடலடியில் இடப்பட்டது. அது மலாக்கா நீரிணை வழியே சிங்கப்பூர்வரை நீண்டு, 1871இன் தொடக்கத்தில் பணிக்கு வந்தது. அதன் செப்புக் கம்பியைக் கடல்நீர் தீண்டாமற் காத்தது மலாய் மண்ணின் பொருளே. மலாய்க்காரர் தம் வெட்டுக்கத்திகளுக்குப் பிடியமைக்கப் பயன்படுத்திய ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் மரப்பால் அது. இதனை இரப்பர் என்று மயங்கலாகாது. இரப்பர் மலாக்காவில் தோட்டப் பயிராக வேரூன்றியது 1896இல், தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டபோதுதான். கெத்தா மரங்களோ கம்பித் தொழிலின் பசிக்கு வெட்டி வீழ்த்தப்பட்டு, அந்நூற்றாண்டு முடியுமுன்பே அரியவாய்விட்டன.

கடலடிக் கம்பி அறுந்தால் கண்ணாற் காண இயலாது. ஆயிரம் மைல் கடலில் எவ்விடத்தில் கப்பலை நிறுத்துவது? தந்தித் துறையினர் இதற்கு முறையொன்று கண்டனர். முதலில் தம் மேசைமேலுள்ள கருவியைச் சோதித்தனர். அடுத்து அலுவலகத்திலிருந்து கடற்கரைக் குடிசை வரையுள்ள தரைக்கம்பியைச் சோதித்தனர். அவை இரண்டும் நலமெனத் தெளிந்த பின்னரே கடற்கம்பியைத் தொட்டனர். ஒரு மைல் கம்பி மின்னோட்டத்திற்குத் தரும் தடை முன்னரே அளந்து எழுதப்பட்டிருந்தது. அது பத்து ஓம் என்று கொள்வோம். கம்பி அறுந்து செம்பு கடல்நீரில் தோய்ந்தபின் கரையிலிருந்து அளக்க, 2,300 ஓம் காட்டுமாயின் பழுது ஏறத்தாழ 230 மைல் தொலைவில் என்க. அறுமுனையில் உப்புநீர் தரும் தடையையும் கழிக்க வேண்டியிருந்ததால் கணக்கு இத்துணை எளிதாக அமையவில்லை. மறு கரையிலிருந்தும் அளந்து ஒப்பிட்டனர். ஆயினும் ‘என்ன பழுது’ என்பதற்கு முன் ‘எங்கே பழுது’ என்று கேட்டதே அவர்களுடைய அறிவின் சிறப்பு எனலாம்.

சென்னையையும் மலாக்காவையும் இன்று இணைப்பது செம்பன்று, கண்ணாடி இழை. 2005இல் நிறைவுற்ற ‘சீ-மீ-வீ 4’ என்னும் வடம் சிங்கப்பூரிலிருந்து பிரான்சு வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் செல்கிறது. அது கரையேறும் இடங்களுள் மலாக்காவும் சென்னையும் உள்ளன. தோட்ட அலுவலகத்தின் சம்பளக் கணக்கும் பள்ளியின் அறிக்கையும் இத்தகைய வடங்களின் வழியே தொலைவிலுள்ள கணினிக் கூடங்களுக்குச் சென்று மீள்கின்றன. ஆங்கே வாடகைக்கு எடுத்த அஞ்சற்பெட்டியையே ‘மேகம்’ என்கின்றனர். பெயரில்தான் வானம், வேர் கடலடியில்.

மடல் வராதபோது பலரும் செய்வது யாது? கடவுச்சொல்லை மாற்றுவர், கணக்கையே அழித்துவிட்டு மீண்டும் அமைப்பர். இது பழுதில்லாத இடத்தில் வெட்டுவதாகும். கணினியில் மட்டுமே சேமித்த பழைய மடல்களும், அனுப்பப்படாமல் தேங்கியவையும் அதனோடு அழிய நேரும். பழைய தந்திக்காரர் வழி இங்கும் பொருந்தும். பிற தளங்கள் திறந்து மடல் மட்டும் திறக்கவில்லையெனில், அலுவலக இணைப்பைப் பெரும்பாலும் குற்றஞ் சொல்வதற்கில்லை. உலாவியில் திறக்கும் பெட்டி மடற்செயலியில் திறக்கவில்லையெனில் குறை செயலியில். கைப்பேசியின் தனி இணைப்பில் திறந்து அலுவலக இணைப்பில் திறவாதாயின் அலுவலகத் திசைவியையோ தெருக்கம்பியையோ நோக்க வேண்டும். அனுப்ப முடிந்தும் எவரிடமிருந்தும் மடல் வரவில்லையெனில், நிறுவனத்தின் இணையப் பெயர் காலாவதி ஆயிற்றா, அப்பெயருக்குரிய மடல் எங்குச் செல்லவேண்டும் என்ற பதிவு மாறியதா என்று பார்த்தல் தகும்.

இவையனைத்தும் நலமாயிருந்தும் மடல் நின்றுபோன நாள்களும் உண்டு. 2023 சனவரி 25ஆம் நாள், மலேசிய நேரப்படி பிற்பகல் மூன்று மணியளவில், மைக்ரோசாப்டின் அவுட்லுக் மடற்பணி உலகின் பல பகுதிகளில் தடுமாறியது. கடலில் எந்த வடமும் அறவில்லை. அந்நிறுவனத்தின் பெருவலையில் செய்யப்பட்ட ஒரு மாற்றமே காரணம் என்று பின்னர் அதுவே அறிவித்தது. அன்று கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் பயன் விளைந்திராது. 2025 செப்டம்பர் 6ஆம் நாள் நேர்ந்ததோ வேறு. செங்கடலில் சித்தாவிற்கு அருகே வடங்கள் சேதமுற்றன. சீ-மீ-வீ 4உம் அவற்றுள் ஒன்று. அன்று செய்தி சில வழிகளில் முற்றும் நில்லாமல், வேறு நெடுவழிகளில் சுற்றித் தாமதமாய்ச் சென்றது. நின்றதா, தாமதித்ததா என்று பிரித்தறிவதும் பழுதின் இடத்தைக் காட்டும் குறிப்பே.

உலகெங்கும் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான வடப்பழுதுகள் நேர்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மீன்வலையாலும் நங்கூரத்தாலும் விளைபவை. ஆழங்குறைந்து கப்பல் மலிந்த மலாக்கா நீரிணையில் இவ்வச்சம் மிகுதி. பழுதுள்ள தொலைவை இன்று ஒளியைச் செலுத்தி, அதன் எதிரொலி மீளும் நேரத்தால் அளக்கின்றனர். இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எதிரொலி நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கில் திரும்பினால் பழுது 200 கிலோமீட்டருக்கு அப்பால். இடம் தெரிந்தபின், 1871இல் செய்தது போலவே, ஒரு கப்பல் அங்குச் சென்று கொக்கியைக் கடலடிக்கு இறக்கி வடத்தைத் துழாவுகிறது.