பக்கத்தில் நீந்துபவருக்கான மூச்சு

ஸ்கூபா கற்கப் போகிறவர் கருவிகளை மாட்டிக்கொள்ளும்போது, மார்போரம் மஞ்சள் நிறத்தில் இன்னொரு வாய்க்கருவி தொங்குவதைப் பார்ப்பார். ‘ஆக்டோபஸ்’ என்பார் பயிற்சியாளர். அது யாருக்காகப் பிறந்தது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய அக்வாலங்கில் வாய்க்கருவி ஒன்றுதான். அன்று முக்குளித்த பலரிடம் மிச்சக் காற்றைக் காட்டும் அழுத்தமானிகூட இல்லை. மூச்சு இழுக்கக் கடினமானால் காற்று தீர்கிறது என்று பொருள். 1950களில் ‘ஜே’ வால்வு வந்தது. சிலிண்டரில் சுமார் 20 பார் அழுத்தம் மிஞ்சும்போது உள்ளே ஒரு சுருள்வில் காற்றைத் தடுக்கும். பக்கவாட்டுக் கம்பியைக் கீழே இழுத்தால் அந்தச் சேமிப்பு திறந்துகொள்ளும். ஆனால் கம்பி எதிலாவது உரசி முன்பே இறங்கிவிட்டால் சேமிப்பும் சத்தமில்லாமல் செலவாகிவிடும். இழுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

அதற்கு மேல் இருந்த ஒரு வழி பங்கிட்டு மூச்சுவிடுவது. ஒரே வாய்க்கருவியில் ஆளுக்கு இரண்டு மூச்சு, மாறி மாறி. நீச்சல்குளத்தில் இது கைவந்துவிடும். கடலில், மூச்சு முட்டிப் பதறும் ஒருவர் வாயிலிருந்து அதை எடுத்து எதிரில் இருப்பவரிடம் நீட்டுவார் என்று எப்படி நம்புவது?

1965–66 வாக்கில் பஹாமாஸ் தீவுகளின் ஃப்ரீபோர்ட்டில், யுனெக்ஸோ என்ற மையத்தில் இருந்த டேவ் வுட்வர்டுக்கு இதே கவலை. சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிய பிரெஞ்சு வீரர் ழாக் மயோலின் முயற்சிகளுக்கு நீருக்கடியில் காவல் நிற்க ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்கள் ஆளுக்கு இரண்டு வாய்க்கருவிகள் வைத்திருக்கட்டும், ஆபத்தில் பங்கிடும் வேலையே வேண்டாம் என்றார் வுட்வர்ட். ஆக்டோபஸ் அங்கேதான் பிறந்தது.

ஆக, அது அடுத்தவருக்காகச் சுமப்பது. இரண்டு வாய்க்கருவிகளுக்கும் காற்று வருவது ஒரே சிலிண்டரிலிருந்துதான். உங்கள் காற்று தீர்ந்தால் உங்கள் ஆக்டோபஸும் தீர்ந்தது. உங்களைக் காப்பாற்ற வேண்டியது உடன் முக்குளிக்கும் துணைவரின் ஆக்டோபஸ். அவர் இருபது மீட்டர் தள்ளி மீன் பார்த்துக்கொண்டிருந்தால் அது இருந்தும் பயனில்லை.

தனியாக ஒரு கையடக்கச் சிலிண்டர் வாங்கிக்கொண்டால் போதாதா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 85 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பவர் அங்கே 70 லிட்டர் இழுப்பார். பயந்தால் இன்னும் கூடும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம் வேண்டும். மேலே வரவர அழுத்தம் குறைந்தாலும், மொத்தம் 95 லிட்டர் செலவாகும். அந்தச் சிறு சிலிண்டர் போதாது.

ஆகவே இறங்குமுன் துணைவரின் ஆக்டோபஸ் எங்கே மாட்டியிருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள், அதில் இரண்டு மூச்சு இழுத்தும் பாருங்கள். எத்தனை பாரில் திரும்புவது என்று கரையிலேயே இருவரும் பேசி முடிவெடுங்கள். அந்த எண் வந்ததும், எதிரில் எவ்வளவு அழகான பவளப்பாறை இருந்தாலும், திரும்பிவிடுங்கள்.