பிளம்பர் வேலைக்கும் சான்றிதழ் உண்டு: ஐ.டி.ஐ. முதல் தொழிற்பழகுநர் பயிற்சி வரை

எட்டாவதிலோ பத்தாவதிலோ படிப்பு நின்றுபோன பையனை, மாமாவோ மச்சானோ பிளம்பராக இருந்தால் அவரோடு அனுப்பிவைப்பது நம் ஊர்களில் வழக்கம். இரண்டு மூன்று வருடம் பைப் சுமந்து, சுவர் உடைத்து, த்ரெட் அடித்துப் பையன் வேலையைக் கற்றுக்கொள்கிறான். கை நன்றாகவே தேறிவிடுகிறது. ஆனால் பெரிய கட்டுமான நிறுவனத்திலோ வளைகுடாவிலோ வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு அவனிடம் ஒரு காகிதம்கூட இருப்பதில்லை. பத்து வருட அனுபவம் உள்ளவனும் ஹெல்பர் சம்பளத்துக்குத்தான் சேர்கிறான்.

அதே காலத்தை முறையாகச் செலவிட்டால் அரசு அங்கீகாரம் உள்ள இரண்டு சான்றிதழ்கள் கையில் இருக்கும்.

முதலாவது ஐ.டி.ஐ. பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 14 வயது நிறைந்து, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசினர் ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு நடக்கும். தேறியவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

"பைப் மாட்ட ஒரு வருடப் படிப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. கழிவறைக்குக் கீழே வளைந்திருக்கும் ட்ராப்பில் ஏன் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீரை உறிஞ்சவிடாமல் காற்றுக் குழாய் எப்படிக் காக்கிறது, கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு சரிவு தேவை, குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலக்கும் ஆபத்து எங்கே வருகிறது என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவருக்குப் பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீடு கட்டி ஒரே வருடத்தில் குளியலறை நாறத் தொடங்குவது பல இடங்களில் இதனால்தான்.

இரண்டாவது, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி இது நடக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பொதுவாக ஓராண்டுப் பயிற்சி. முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 7,000 ரூபாய் என்று நிர்ணயித்தன.

இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். பழகுநரும் நிறுவனமும் கையெழுத்திட்டு, அரசின் இணையதளத்தில் அது பதிவாக வேண்டும். பையன் 18 வயதுக்குக் குறைந்தவன் என்றால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். பதிவாகாத "அப்ரண்டிஸ்" வேலை வெறும் குறைந்த கூலி வேலைதான். அதற்குச் சான்றிதழ் வராது. பழகுநரை அனுமதியில்லாமல் ஓவர்டைம் செய்யச் சொல்லக் கூடாது. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். அதே சமயம், பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ இறங்கச் சொன்னால் உங்கள் பிள்ளை மறுத்துவிட வேண்டும். அதற்குள் இருக்கும் விஷவாயு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிளம்பரின் வேலை குழாய் அமைப்பது, பழுது பார்ப்பது.

"சாக்கடையில் கை வைக்கும் வேலை, தொழுகைக்கு என்ன செய்வது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நஜீஸ் மேலே பட்டால் உளூ முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். வேலைக்குத் தனி உடை, தொழுகைக்குத் தனி உடை என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. நானும் பி.ஏ. படித்தவன்தான், பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விருப்பமில்லாத பட்டத்தில் மூன்று வருடம் போக்கிய பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏற்கெனவே பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 21 வயது நிறைந்து, மூன்று வருட அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கான அறிவிப்பை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பிளம்பர்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

லைசென்ஸ் என்பது வேறு. நம் நாட்டில் எல்லா பிளம்பருக்கும் பொதுவான ஒரே உரிமம் கிடையாது. குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு வேலைகளுக்கு அந்தந்த நகராட்சியோ மாநகராட்சியோ குடிநீர் வாரியமோ பதிவு கேட்கும். சொந்தமாக ஒப்பந்தம் எடுக்க நினைப்பவர் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வளைகுடா செல்ல நினைப்பவர்களுக்கு: சவூதி அரசின் தொழில்திறன் சரிபார்ப்புத் திட்டத்தில் பிளம்பர் வேலையும் உண்டு. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இந்தியாவிலேயே நடக்கின்றன. ஏஜெண்ட் தரும் போலிச் சான்றிதழ் செய்முறைத் தேர்வில் எந்த உதவியும் செய்யாது. எட்டாவதோடு ஐ.டி.ஐ. சேர்ந்த பையன் தனியாகப் பத்தாம் வகுப்பையும் எழுதி முடித்துவிடட்டும். பத்தாவது தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். இல்லாவிட்டால் வளைகுடா வேலைக்குப் போக அந்த அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும்.

ஐ.டி.ஐ. சேர்க்கை பொதுவாகப் பத்தாம் வகுப்பு முடிவுகளை ஒட்டித் தொடங்கும். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க பி.சி.எம். சாதிச் சான்றிதழ் வேண்டும். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் நெரிசலாக இருக்கும். அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.