ஒப்பாரியில் பிறந்த மந்திரம்

மாயாஜால உலகங்களில் நடக்கும் விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கறுப்பு அங்கி அணிந்த ஒருவன் பாழடைந்த இடுகாட்டில் நின்று பாடுகிறான். மண் பிளக்கிறது. எலும்புக்கூடுகள் எழுந்து அணிவகுக்கின்றன. அந்தப் பாட்டுக்கு அந்த உலகத்தில் தடை உண்டு. கற்றவனுக்கும் தண்டனை, கற்றுக்கொடுத்தவனுக்கும் தண்டனை. கணினிக் காலத்துக் கற்பனை என்று தோன்றும். ஆனால் இறந்தவரை எழுப்பும் பாட்டுக்கு வயது 2,400 ஆண்டுகளுக்கும் மேல். அது பிறந்த இடம் இழவு வீடு.

பழைய கிரேக்கத்தில் ஒப்பாரிக்கு 'கோஓஸ்' என்று பெயர். அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான் 'கோயெஸ்'; அதற்குப் பொருள் மந்திரவாதி. இறந்தவரை நினைத்துக் குரலெடுத்து அழுதால் அந்தக் குரல் அவர் காதில் விழும், அவரை வரவழைக்கும் என்ற நம்பிக்கை இரண்டு சொற்களையும் பிணைத்தது. கி.மு. 472-இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தை அரங்கேற்றினார். முழுமையாகக் கிடைத்துள்ள கிரேக்க நாடகங்களில் அதுவே மிகப் பழையது. போரில் தோற்ற பாரசீகத்தில், மறைந்த மன்னர் டேரியஸின் கல்லறையில் அரசி பாலும் தேனும் ஊற்றுகிறாள். முதியவர்கள் ஒப்பாரி பாடி அழைக்கிறார்கள். டேரியஸின் ஆவி எழுகிறது. எழுந்த மன்னர் வாளைத் தொடவில்லை. நடந்ததைக் கேட்கிறார், அறிவுரை சொல்கிறார், திரும்பிப் போகிறார்.

தடையும் அதே காலத்துச் சரக்குதான். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன், இழவு வீட்டில் பெண்கள் முகத்தைக் கீறிக்கொண்டு அழுவதையும் கட்டிவைத்த ஒப்பாரி பாடுவதையும் நிறுத்தச் சொன்னார். சுமார் கி.மு. 450-இல் எழுதப்பட்ட ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு விதி இழவு ஓலத்தைத் தடுத்தது. இன்னொரு விதி தீய 'கார்மென்' பாடுவதைத் தண்டித்தது. லத்தீனில் கார்மென் என்றால் பாட்டு, மந்திரம் இரண்டும்தான். ஆங்கிலத்தில் வசியத்தைக் குறிக்கும் 'சார்ம்' அதன் பேரப்பிள்ளை.

அடுத்த திருப்பம் எழுத்தர்களின் பிழையால் வந்தது. 'நெக்ரோமான்டியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, இறந்தவரிடம் குறி கேட்பது என்று மட்டுமே பொருள். இடைக்கால ஐரோப்பாவில் படியெடுத்தவர்கள் அதை 'நிக்ரோமான்டியா' என்று எழுதினார்கள். 'நிக்ரோ' என்பது அவர்கள் காதில் லத்தீன் 'நிகெர்', அதாவது கறுப்பு என்று ஒலித்தது. குறி கேட்கும் கலை இப்படியாக எல்லாவிதக் கெட்ட மந்திரத்துக்கும் பெயராகிவிட்டது. விளையாட்டு மந்திரவாதியின் அங்கி கறுப்பாக இருப்பதற்கு இந்தப் பிழையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டுக்கு இன்னொரு கிளையும் உண்டு. யாழிசையால் பாதாள அரசனை உருக வைத்த ஆர்ஃபியஸ், கடைசி நொடியில் திரும்பிப் பார்த்து மனைவியை இழந்தான். 14-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் கிடைக்கும் ஆங்கிலக் கதைப்பாட்டு 'சர் ஓர்ஃபியோ'வில் பாதாளம் தேவதைகளின் நாடாகிவிட்டது. நாயகன் மனைவியைப் பத்திரமாக வீட்டுக்கே அழைத்து வருகிறான். 1600-இல் ஃபிளாரன்ஸில், பிரெஞ்சு மன்னருக்கும் மரியா தெ மெடிச்சிக்கும் நடந்த திருமணத்தையொட்டி இதே கதை பாடி நடிக்கப்பட்டது. கல்யாண வீட்டில் சோகம் ஆகாது என்பதால் அங்கேயும் முடிவை மாற்றினார்கள். இசையுடன் இன்றும் கிடைக்கும் முதல் ஆப்பெரா அதுதான்.

1831-இல் பாரிஸ் மேடையில் அச்சம் திரும்பியது. மேயர்பீரின் 'ராபர்ட் ல தியாப்' ஆப்பெராவில், சாத்தானின் ஆள் பாழடைந்த மடத்தில் நின்று பாடுகிறான். செத்த கன்னியாஸ்திரிகள் கல்லறையை விட்டு எழுந்து ஆடுகிறார்கள். 1874-இல் சான்-சான்ஸ் 'டான்ஸ் மகாப்ர' இசையை எழுதினார். மரணம் வயலின் வாசிக்க எலும்புக்கூடுகள் ஆடும் இசை அது. எலும்பு உரசும் ஒலிக்கு, அன்று இசைக்குழுக்களில் அபூர்வமாயிருந்த சைலஃபோனைக் கொண்டுவந்தார். வயலினின் ஒரு தந்தியை அரைச் சுரம் தாழ்த்தி, 'டிரைடோன்' என்ற கரகரப்பான இடைவெளியை ஒலிக்கவிட்டார். அந்த இடைவெளியைத் திருச்சபை தடை செய்திருந்தது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அப்படியொரு ஆணைக்குச் சான்று கிடையாது. 'இசையில் சாத்தான்' என்ற பட்டப்பெயரே 18-ஆம் நூற்றாண்டு இசை நூல்களில்தான் தலைகாட்டுகிறது. தடைசெய்யப்பட்ட இசை என்ற கதைக்கு அந்த வதந்தியே உரமானது.

1929-இல் இரண்டு சம்பவங்கள். டிஸ்னியின் குறும்படத்தில் ஒரு எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பையே சைலஃபோனாகத் தட்டியது. அதே ஆண்டில் வில்லியம் சீப்ரூக்கின் நூல் ஹைட்டியின் 'ஸோம்பி'யை அமெரிக்க வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது: கரும்புத் தோட்டத்தில் உழைக்க வைக்கப்படும் பிணங்கள். அடிமைத்தனத்தின் நினைவு ஆறாத நாட்டில், செத்த பிறகும் வேலை வாங்கப்படுவதுதான் ஆகப் பெரிய பயம். 1932-இல் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் தம் கதையில், இறந்தவர்களை எழுப்பி ஏவலாளாக்கும் மந்திரவாதிகளைப் படைத்தார். குறி சொல்ல வந்த பிணம் கூலியாளானது; அடுத்து சிப்பாயானது.

'சர் ஓர்ஃபியோ'வை நவீன ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எழுத்தாளர் டோல்கீன். அவருடைய கதை நாயகி லூத்தியன், மரண தேவன் முன் பாடிக் காதலனை மீட்கிறாள். அங்கே ஆர்ஃபியஸ் பெண்ணாகிவிட்டான். 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வந்தது. 1976-இல் அதன் நிறுவனத்துப் பத்திரிகையில் டக் ஷ்வெக்மன், நார்ஸ், கெல்டிய, தென் ஐரோப்பியப் பாடகர்களைக் குழைத்துப் பாணனை விளையாட்டுக்குள் அழைத்து வந்தார். பாட்டும் மந்திரமும் மறுபடி ஒரே கையில். 1995-இல் ஆஸ்திரேலியரான கார்த் நிக்ஸ் 'சாப்ரியல்' நாவலில் ஏழு மணிகளை ஒலிக்கவிட்டார். அவற்றில் ஒன்று இறந்தவரை உயிரின் பக்கம் இழுக்கும். அடித்தவரையோ அதே அளவு மரணத்துக்குள் தள்ளும்.

2004-இல் 'லிப்ரிஸ் மார்டிஸ்' என்ற டன்ஜன்ஸ் விதிநூல், துயரப் பாட்டையே சக்தியாகக் கொண்ட ஒரு பாணனைச் சேர்த்தது. பெயர் 'டர்ஜ்சிங்கர்', ஒப்பாரி பாடுபவர் என்று பொருள். அந்த 'டர்ஜ்' கூட, இறந்தோருக்கான லத்தீன் வழிபாட்டுப் பாடல் ஒன்றின் முதல் சொல்லான 'திரிகே'யின் திரிபு. பாட்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

போகிற வழியில் பிழையும் வதந்தியும் அடிமை வலியும் அதில் ஏறின. எழுந்தவர் கையில் வாளையும் திணித்தார்கள். பிரிந்தவரின் குரலை இன்னொரு முறை கேட்கத்தான் மனிதர்கள் இதைப் பாடத் தொடங்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் உங்கள் பாணன் இடுகாட்டில் வாய் திறந்தால், எழுந்து வருபவரைப் போருக்கு அனுப்பாதீர்கள். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.