வேலியைக் காத்தவர்களே விற்ற கதை



ஊரில் ஐஸ், தூள் பற்றிப் பேச்செழுந்தால் நாம் உடனே கடலைத்தான் கைகாட்டுகிறோம். "கரையில காவலைக் கூட்டினால் எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். காவல் தேவைதான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதையே நம்பிய இரு நாடுகளின் வரலாற்றையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவும் மெக்சிக்கோவும் 3,100 கிலோமீற்றருக்கும் அதிகமான தரை எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. 1969 செப்டெம்பரில், கஞ்சாவைத் தடுப்பதற்காக, எல்லை தாண்டி வரும் வாகனங்களைச் சல்லடை போட்டுச் சோதிக்கும்படி ஜனாதிபதி நிக்சனின் அரசு உத்தரவிட்டது. வாகனங்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. எல்லையோர வியாபாரம் படுத்தது. மூன்று வாரங்களுக்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கடத்தல் நிற்கவில்லை.

1996 டிசெம்பரில் ஜெனரல் குத்தியெரெஸ் ரெபொயோ மெக்சிக்கோவின் போதை ஒழிப்புத் தலைவரானார். நேர்மையானவர் என்று வொஷிங்டனும் அவரைப் புகழ்ந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவர் கைதானார். அமாடோ கரியோ என்ற பெரும் கடத்தல்காரரின் ஆளாக இருந்துகொண்டுதான், அவருடைய போட்டிக் கும்பல்களை அந்த ஜெனரல் வேட்டையாடியிருந்தார்!

பாடம் படித்தார்களா? 2006 முதல் 2012 வரை பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்சியா லூனா, சினலோவா கும்பலிடம் மில்லியன் கணக்கான டொலர் இலஞ்சம் வாங்கியதாக 2023இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2024 ஒக்டோபரில் அவருக்கு 38 வருடங்களுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டுமல்ல. வாங்குபவரும் துப்பாக்கி விற்பவரும் அமெரிக்காவில் இருந்தனர். மெக்சிக்கோ கும்பல்களின் பணம் தன்னூடாகப் பாய்வதைத் தடுக்கத் தவறிய எச்எஸ்பிசி வங்கி, 2012இல் 1.9 பில்லியன் டொலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதற்காக ஓர் அதிகாரிகூடச் சிறை செல்லவில்லை.

உறவுகளே, நாம் ஆசிரியர்கள். நேற்று வரை முன்வாங்கிலில் இருந்த பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று கேட்கப் போய், அந்த வீட்டு வாசலில் பேச்சின்றி நின்றிருக்கிறோம். அந்தத் தாயிடம் கடலைக் கைகாட்ட எமக்கு வாய் வரவில்லை.

திடீரென்று மாடி வீடு கட்டியவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். கழகத்துக்கு அள்ளிக் கொடுப்பவரிடம், "இது எப்படி வந்த காசு?" என்று கேட்கத் தயங்குகிறோம். அடுத்த கூட்டத்திலாவது அந்தக் கேள்வியை நாம் கேட்போமா?